அழுமூஞ்சி வீட்டுப் பை

பவிஷாவின் அரைஞாண்கயிறு அவள் காலடியில் வளையமாகக் கிடந்தது. அறுந்து விழவில்லை, முடிச்சும் அவிழவில்லை. இடுப்பிலிருந்து நழுவித் தொடை வழியாக இறங்கி விழுந்திருக்கிறது. பிள்ளை அதைத் தாண்டி வந்து என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"கயிறு இத்துப் போச்சு சீனி. வெள்ளிக்கிழமை புதுசு வாங்கிக் கட்டணும்" என்றாள் மதினி, துணியைப் பிழிந்தபடியே.

எடுத்து இழுத்துப் பார்த்தேன். இத்துப்போன கயிறு அல்ல. ஆடி மாதக் கோயில் கொடைக்கு நான்தான் அதைக் கட்டினேன். பிள்ளை வளருமே என்று ஒரு விரல் நுழைய இடம் விட்டுக் கட்டினேன். இப்போது அதில் என் கை முழுதாக நுழைந்தது.

மதினியைக் குறை சொல்ல மாட்டேன். தினமும் குளிப்பாட்டுகிற கைக்குப் பிள்ளை இளைப்பது தெரியாது. அண்ணன் தூத்துக்குடிப் பக்கம் கடல்தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலைக்கு வேலைக்குப் போய்விட்டான். அவன் இருந்து தூக்கியிருந்தால் தெரிந்திருக்கும்.

"பசிக்குதாடா தங்கம்?"

"இல்ல அத்த."

கடைசியாக இந்தப் பிள்ளை பசிக்கிறது என்று சொன்னது எப்போது என்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை. நானே கடைசியாக அப்படிச் சொன்னது எப்போது? அதுவும் வரவில்லை. அப்போதுதான் என் அடிவயிற்றில் ஏதோ பிசைந்தது. பசி என்று ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். பயம் அது.

வெயில் ஏறி ஏறி, நெல் பால் பிடிக்காமல் பதராகப் போன வருஷங்கள் இவை. ரேஷனில் பாதி அரிசிதான். எங்கள் லைன் வீடுகள் நூற்பு மில்லுக்குப் பின்னால் இருக்கின்றன. மில்லில் எதற்குத் தட்டுப்பாடு வந்தாலும் கழிவுப் பஞ்சுக்கு வராது. கொட்டையும் தூசியும் இலைச்சருகும் கலந்த அந்தப் பஞ்சைச் சாக்கில் அள்ளிப் பின்பக்கக் குவியலில் கொட்டுவதுதான் என் வேலை. அதில் சிப்பிக் காளான் முளைக்கும், அதைத் தின்று உயிர் பிழைக்கலாம் என்று செண்பகவல்லி முதலில் சொன்னபோது லைனே சிரித்தது.

செண்பகம் டவுனில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தவள். அது மூடின பிறகு புருஷனோடு இங்கே வந்தாள். மில் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சும்மா கிடந்த பழைய வாட்ச்மேன் அறையைக் கழுவி, கஞ்சித் தண்ணீரில் கடல்பாசியைக் கரைத்துப் புட்டிகளில் ஊற்றி, குக்கரில் அவித்து, பஞ்சு அடைத்து வைத்தாள். காளான் தண்டைக் கிழித்து, காற்றுப் படாத உள்சதையில் ஒரு கிள்ளு எடுத்து அந்தப் புட்டியில் வைத்தால், வெள்ளையாக நூல் நூலாகப் படரும். அதுதான் தாய்ப் புட்டி. அதைச் சோளத்தில் ஏற்றி, சோளத்தைப் பஞ்சுப் பையில் கலந்தால் வீட்டுக்கு வீடு காளான்.

"சதையைக் கிள்ளி வச்சா அதே காளான்தான் திரும்ப வரும்" என்று அவள் எங்களுக்குச் சொன்னாள். "குடைக்கு அடியில உதிருதுல்ல தூள், அதுல இருந்து எடுத்தா ஒவ்வொண்ணுக்கும் ஒரு குணம். ஒரு வயித்துப் பிள்ளைக மாதிரி."

"ஒண்ணு குடிகாரன், ஒண்ணு சாமியாரா?" என்றாள் இசக்கி. இரட்டைப் பையன்களைப் பெற்றவள்.

"அதேதான். ஒவ்வொரு தடவையும் தூள்ல இருந்து வீட்டுக்கு ஒரு ரகம் குடுக்கேன். எது நல்லதுன்னு பாத்து, அதையே அடுத்த தாயா வச்சுக்குவோம். அப்படியே எடுத்து எடுத்துப் போனா நமக்குத் தோதான காளான் வந்துரும்."

"எது நல்லதுன்னு எப்படிப் பாக்க?"

"எடை போடலாம்."

"தண்ணிக்குந்தான் எடை இருக்கு." இதைச் சொன்னது மதினி. "எந்த வீட்டுப் பிள்ளை பசிக்குதுன்னு ராத்திரி அழலையோ, அந்த வீட்டுப் பைதான் நல்ல பை. இதுக்கு எதுக்குத் தராசு?"

எல்லோருக்கும் அது சரியென்று பட்டது. லைனில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒற்றைக்கல் சுவர். எந்தப் பிள்ளை அழுதது என்று ஒருத்தர் சொல்லி ஒருத்தர் அறிய வேண்டியதில்லை. பிள்ளைகளின் அழுகைக்கு நாங்கள் பயந்து கிடந்த காலம் அது. அடிக்கப் போவோம், பிறகு நாங்களும் சேர்ந்து அழுவோம்.

இப்படித்தான் கொட்டை போடும் வழக்கம் வந்தது. தெருக்குழாய் மேடையில் எல்லா வீட்டுப் பையையும் வரிசையாக வைப்போம். பைக்கு முன்னால் ஒரு தம்ளர். ஆளுக்கு ஒரு பருத்திக்கொட்டை. எந்த வீடு அமைதியாக இருந்ததோ அந்தத் தம்ளரில் போட வேண்டும். நிறைந்த தம்ளருக்குரிய பை தாய்ப் பை. மற்றதையெல்லாம் நான் சாக்கில் அள்ளிக் குவியலில் கொட்டிவிடுவேன். பை மாறிவிடாமலிருக்க, வீட்டுக்கு ஒரு கலர்க் கழிவு நூல் கட்டியிருப்போம்.

இசக்கி வீட்டுக்குச் சிவப்பு நூல். அவள் தம்ளரில் ஒரு தடவையும் அடுத்தவர் கொட்டை விழுந்ததில்லை. அந்த இரட்டையர் விடியவிடிய அழுவார்கள். அழுமூஞ்சி வீடு என்றே பெயராகிவிட்டது.

"அழுறானுகதான். ஆனா தூக்கிப் பாருங்க, இடுப்பு ஒடிஞ்சு போகும்" என்பாள் இசக்கி.

"அழுது அழுதே ஊதிட்டானுக" என்பாள் மதினி. லைனே சிரிக்கும்.

கடைசியாகத் தேர்ந்தெடுத்த தாய் மதினி வீட்டுப் பை. பச்சை நூல். அது எல்லா வீட்டுக்கும் போன பிறகு, லைனில் அழுகையே நின்றுபோனது. இசக்கி வீட்டிலும் நின்றது. காளியம்மனுக்குப் பொங்கல் வைத்தோம்.

நான் அரைஞாண்கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு செண்பகத்தின் அறைக்குப் போய், பிள்ளை இளைத்ததைச் சொன்னேன்.

"வயித்துல பூச்சி இருக்கும் யக்கா. மருந்து குடுங்க" என்றாள், புட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"உனக்கு எப்ப பசிச்சுது?"

"என்ன கேள்வி இது?"

"சொல்லு. கடைசியா எப்ப?"

அவள் புட்டியைக் கீழே வைத்துவிட்டு வாசலைப் பார்த்தாள்.

அறை வாசலில் அவளுடைய கோழி நின்றது. அறுத்த காளானின் அடித்தண்டும், ஓய்ந்த பையின் சோளமும்தான் அதற்குத் தீனி. செண்பகம் எழுந்து போய் ஒரு கை நொய்யரிசி எடுத்து வந்தாள். அந்தக் காலத்தில் ஒரு கை நொய்யை மண்ணில் இறைப்பது சாதாரண காரியம் இல்லை. இறைத்தாள்.

கோழி பார்த்தது. தலையைச் சாய்த்து இன்னொரு கண்ணாலும் பார்த்தது. பிறகு அரிசியை மிதித்துக்கொண்டு நிழலுக்குப் போய் நின்றது.

செண்பகம் அதைத் தூக்கி வந்து அரிசிக்கு நடுவில் விட்டாள். அலகைப் பிடித்து அரிசியில் அழுத்தினாள். அலகில் ஒட்டிய நொய்யைக் கோழி உதறிவிட்டு நின்றது. மார்பெலும்பு கத்தி மாதிரி துருத்திக்கொண்டிருந்ததை அப்போதுதான் இரண்டு பேரும் கவனித்தோம்.

"ஐயோ" என்று அவள் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "இதுல சத்து ஏறல யக்கா. பசியைக் கொல்ற ஏதோ ஒண்ணு ஏறியிருக்கு. ஒவ்வொரு தடவையும் அது கூடுன பையாப் பாத்துப் பாத்து எடுத்திருக்கோம்."

"காளான் நம்மளை ஏமாத்திருச்சா?"

"அது என்ன ஏமாத்துச்சு? வயிறு நெறையணும்னா கேட்டோம்? பிள்ளை அழக்கூடாதுன்னு கேட்டோம். கேட்டதைக் குடுத்திருச்சு."

கீழே கிடந்த நொய்யை நான் பொறுக்க ஆரம்பித்தேன். கை வேறென்ன செய்யும்?

"இந்தத் தாய்ப் புட்டி வேற யார்கிட்டயாவது போயிருக்கா?"

"அமல்ராஜ் சார் ஒண்ணு வாங்கிட்டுப் போயிருக்காரு. ஹாஸ்டல் பிள்ளைகளுக்குப் போடணும்னு."

அமல்ராஜ் எங்கள் சூப்பர்வைசர். ஹாஸ்டலில் இருப்பவர்கள் வெளியூரிலிருந்து மில்லுக்கு வந்த சிறுபெண்கள். அப்போதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. மில்லில் மதியச் சாப்பாட்டுச் சங்கு ஊதி எத்தனையோ நாளாகிறது. கேன்டீனுக்கு ஒருத்தரும் போகவில்லை என்று நிறுத்திவிட்டார்கள். சங்கு நின்றதைக்கூட நாங்கள் கவனிக்கவில்லை.

மறுநாள் குழாயடியில் லைனைக் கூட்டினோம். செண்பகம் கோழியைக் கொண்டுவந்து காட்டினாள். பச்சை நூல் பை அத்தனையையும் எரிக்க வேண்டும் என்றாள்.

"எரிச்சிட்டு?" என்றாள் மதினி. "மண்ணைத் திங்கவா?"

"புதுசாத் தூள்ல இருந்து எடுப்போம் மதினி" என்றேன். "இந்தத் தடவை தராசு வச்சு எடுப்போம்."

"அது முளைக்கிற வரைக்கும் பிள்ளைக அழுமே, நீ வந்து தூக்கிச் சுமப்பியா? பெத்திருந்தாத் தெரியும்." மதினி அப்படிப் பேசுகிறவள் இல்லை. சொன்ன பிறகு அவள் முகமே சுருங்கியது. ஆனால் நிறுத்தவில்லை. "போன வருஷம் அவ அழுதப்ப நான் என்ன குடுத்தேன் தெரியுமா? முந்தானையைத் தண்ணியில நனைச்சு சப்பக் குடுத்தேன். அதையும் சப்புனா. இப்ப நிம்மதியாத் தூங்குறா. அது உங்களுக்குப் பொறுக்கலையா?"

கூட்டத்தில் பல பெண்கள் தலையசைத்தார்கள். அவர்கள் எல்லோர் வீட்டிலும் ஒரு முந்தானை நனைந்திருந்தது.

இசக்கி எழுந்தாள். "என் பிள்ளைக அழுறப்ப அடுத்த வீட்டுல திட்டுவாக, நானும் திட்டுவேன். ஆனா ரெண்டும் உசுரோட இருக்குன்னு தெரியும். இப்ப ராத்திரி எந்திரிச்சுப் போயி மூக்குல கைய வச்சுப் பாக்குறேன். அவ்வளவுதான் நான் சொல்லுவேன்."

அமல்ராஜ் எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை. கெட்டவர் இல்லை. குரல் உயர்த்த மாட்டார். "எரிக்கிறது உங்க இஷ்டம்மா. ஆனா அந்த ரூமு மில்லோட ரூமு, கரண்டு மில்லோட கரண்டு. எரிக்கிறதா இருந்தா சாவியைக் குடுத்துருங்க. மேனேஜ்மென்ட்டுக்கு இந்த ரகம் பிடிச்சிருக்கு."

"உங்க வீட்டுலயும் இதைத்தான் திங்கிறீகளா சார்?" என்றாள் இசக்கி.

அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு போய்விட்டார்.

வழக்கப்படி தம்ளர் வைத்தோம். எரிக்க ஒன்று, வைத்துக்கொள்ள ஒன்று. எரிக்கச் சொன்ன தம்ளரைக் கவிழ்த்தபோது மூன்று கொட்டைதான் விழுந்தது. யார் யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். மதினி என் முகத்தைப் பார்க்காமல் குடத்தை எடுத்துக்கொண்டு நடந்தாள். செண்பகம், அந்த ரகத்தை இனி வளர்க்க மாட்டேன் என்று அன்றைக்கே சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, குக்கரையும் கொஞ்சம் காலிப் புட்டிகளையும் முந்தானையில் மூடிக்கொண்டு வந்தாள்.

"தூள் புட்டியை எடுக்க சார் விடல, எல்லாம் உள்ள மாட்டிக்கிச்சு யக்கா. வெளிய இருக்கறது பூரா பச்சை நூல் வம்சம். அதோட தூள்ல திரும்பத் தேட வருஷமாகும். பவிஷா தாங்க மாட்டா."

தாங்கவில்லைதான். அந்த வாரமே பிள்ளை வாசற்படி ஏற முடியாமல் உட்கார்ந்துவிட்டாள். பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நோய் ஒன்றும் இல்லை, சாப்பாடு கொடுங்கள் என்றார்கள். பாட்டில் ஏற்றினார்கள். வராண்டாவரைக்கும் பாய் விரித்துக் கிடந்தார்கள் ஜனங்கள், அதனால் மூன்றாம் நாள் அனுப்பிவிட்டார்கள். வீட்டில் கஞ்சியை வாயில் ஊற்றினால் அது கடைவாய் வழியாக வழிந்தது. பிள்ளை துப்பவில்லை, விழுங்கவும் இல்லை. எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நான் ஷிப்டில் கழிவுச் சாக்கைக் குவியலில் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். நல்ல உச்சி வெயில். இசக்கி சொன்னது காதில் ஓடிக்கொண்டே இருந்தது. தூக்கிப் பாருங்க, இடுப்பு ஒடிஞ்சு போகும். அழுத பிள்ளைகள்தான் கனமாக இருந்தார்கள். அந்தப் பையை நான்தானே இங்கே கொட்டினேன்?

சாக்கைப் போட்டுவிட்டுக் குவியலைச் சுற்றிப் பின்னால் போனேன். மதில் நிழல் விழும் பக்கம் பஞ்சு ஈரம் காயாமல் கறுத்துக் கிடக்கும். கையாலேயே கிளறினேன். மஞ்சள் நூல், நீல நூல், பூஞ்சணம் பிடித்து நாறிய பைகள்.

"என்னக்கா, புதையலா?" என்றான் வாட்ச்மேன்.

"உன் சம்பளத்தைத் தேடுறேன். எங்க போட்டாகன்னு தெரியல."

அவன் சிரித்துவிட்டுப் போனான். முழங்கைவரை உள்ளே போன கையில் நூல் தட்டியது. இழுத்தேன். சாயம் போயிருந்தாலும் சிவப்புதான். கிழிந்த பையின் ஓரத்தில், காது மாதிரி சாம்பல் நிறத்தில் ஒரே ஒரு கொத்து.

அதை மடியில் மறைத்துக்கொண்டு வந்து செண்பகத்திடம் நீட்டினேன்.

"இதையே சமைச்சுப் பிள்ளைக்குக் குடுத்துருவோமா?"

"வேண்டாம். மெசின் எண்ணெய், சாயம், எல்லாம் குடிச்சு வளந்திருக்கு. உள்சதை ஒரு கிள்ளுதான் நமக்கு."

இசக்கி வீட்டில் வேலையைத் தொடங்கினோம். மூன்று பேரும் அரிசியைப் போட்டுக் கஞ்சி வடித்தோம். தூசி பறக்காதபடி ஃபேனை நிறுத்தி, ஜன்னலை அடைத்து, ஈரப் புடவையைக் கூடாரம் மாதிரி கட்டினோம். இரட்டையரை ஆடாமல் உட்காரச் சொன்னோம். முன்பானால் அது நடக்கிற காரியமா? இப்போது சொன்ன இடத்தில் சொன்னபடி இருந்தார்கள். அதைப் பார்க்கத்தான் முடியவில்லை. செண்பகம் தண்டைக் கிழித்தாள். ஊசியைத் தீயில் காட்டி, உள்ளேயிருந்து அரிசி அளவு சதை எடுத்து ஒவ்வொரு புட்டியிலும் வைத்தாள். மூச்சையும் அடக்கிக்கொண்டிருந்தோம்.

ஒவ்வொரு புட்டியாகப் பச்சைப் பூஞ்சணம் பூத்தது. குவியல் அழுக்கு சதைக்குள்ளும் இறங்கியிருந்தது. பச்சை பூத்த புட்டியைத் திறக்காமல் அப்படியே கொதிநீரில் போடுவாள் செண்பகம். கடைசியில் ஒன்றே மிஞ்சியது. அதிலும் ஒரு மூலையில் பச்சைப் புள்ளி. மறு மூலையில் வெள்ளை, விசிறி மாதிரி விரிந்து பச்சையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.

"எது முந்துதுன்னு பாக்க எனக்குத் தெம்பு இல்ல" என்றாள் செண்பகம். பச்சைக்கு எட்டாத ஓரத்து வெள்ளையில் நுனியை மட்டும் அறுத்துப் புதுப் புட்டிக்கு மாற்றினாள். அதன் நுனியை இன்னொன்றுக்கு. அந்தப் புட்டி பால் மாதிரி வெளுத்தது. இசக்கி அதைப் பூஜை மாடத்தில் வைத்துவிட்டு, சாமி படத்துக்கு முதுகைக் காட்டி நின்று அழுதாள்.

சோளத்தில் ஏற்றி, அவித்த பஞ்சில் கலந்து, கட்டிலுக்கு அடியில் ஈரச்சாக்கு மூடி வளர்த்தோம். முளை வந்து கொத்து விரிந்த அன்று, நான் சட்டியோடு மதினி வீட்டுக்குப் போனேன். மறைத்துக் கொடுத்திருக்கலாம். மனசு வரவில்லை.

மதினி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பச்சை நூல் பை உத்தரத்தில் தொங்கியது.

"இனிமே அந்தப் பையில இருந்து ஒரு துண்டு குடுக்கக் கூடாது மதினி. இதையும் கஞ்சியையும் மட்டும் ஊட்டிக்கிட்டே இருக்கணும். வழிஞ்சது போகக் கொஞ்சமாச்சும் உள்ள இறங்கும்."

அவள் சட்டிக்குள் பார்த்தாள். "இது அழுமூஞ்சி வீட்டுப் பையா?"

"ஆமா."

"அழுவாளா?"

"அழுவா."

"ரொம்பவா?"

"தெரியல மதினி. குடுக்க நம்மகிட்ட போதுமான அளவு இருக்காது. அழத்தான் செய்வா."

மதினி பிள்ளையை மடியிலிருந்து இறக்கிப் பாயில் கிடத்தினாள். பிறகு எழுந்து, உத்தரத்துப் பையை இறக்கி, பச்சை நூலைப் பல்லால் கடித்து அறுத்து, அடுப்புக்குள் திணித்தாள்.

"குடு" என்றாள்.

விரலால் மசித்து மசித்து ஊட்டினோம். பாதி வழிந்தது. மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்தும். ஊட்டி ஊட்டி மதினியின் விரல் நுனி வெளுத்துப்போனது. பிள்ளை சிரித்துக்கொண்டே இருந்தாள். மதினி அந்தச் சிரிப்பைப் பார்க்க மாட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊட்டினாள்.

பிறகு ஒரு மத்தியானம். நான் குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டிருந்தேன். முதலில் பூனை என்று நினைத்தேன். மெல்லிய, அறுந்து அறுந்து வருகிற சத்தம். அது நிமிர்ந்தது. கரகரத்தது. லைன் முழுக்கக் கதவுகள் திறந்தன. எத்தனையோ நாளாகக் கேட்காத சத்தத்துக்குப் பெண்கள் ஈரக்கையோடு வெளியே வந்து நின்றார்கள்.

உள்ளே பவிஷா மதினியின் முடியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து, "பசிக்குதும்மா, பசிக்குது" என்று வீறிட்டுக்கொண்டிருந்தாள். மதினி வலியில் கண்ணை மூடிக்கொண்டு, முடியை விடுவிக்காமல், "இழுடி, இன்னும் இழு" என்றாள்.

அடுத்த கொட்டை போடும் நாளுக்கு யாரும் தம்ளர் எடுத்து வரவில்லை. ஒவ்வொரு வீடாகச் செண்பகத்திடம் வந்து, தலையைக் குனிந்துகொண்டு சிவப்பு நூல் பை வாங்கிப் போனார்கள்.

கதை இத்தோடு நல்லபடியாக முடிந்திருக்கலாம். மில்லுக்குள் போன புட்டி மில்லுக்குள்தான் இருக்கிறது. மதியச் சங்கு இன்னும் ஊதுவதில்லை. எங்களுக்கும் பசி திரும்பவில்லை. எனக்கு இல்லை, செண்பகத்துக்கு இல்லை, மதினிக்கும் இல்லை.

"சின்ன உடம்பு, மறந்ததைத் திரும்பக் கத்துக்கிடும்" என்றாள் செண்பகம். "நம்ம உடம்பு கத்துக்கிடுமோ என்னவோ."

நாங்களாக இருந்தால் சாப்பிட மறந்துபோகிறோம். போன மாதம் நான் சாக்கோடு குவியலில் மயங்கி விழுந்தேன். அதற்குப் பிறகு லைனில் ஒரு புதுப் பழக்கம். பிள்ளைகள் அழ ஆரம்பித்ததும் பெரியவர்கள் எல்லோரும் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவோம். ருசி பார்க்காமல், வேலை மாதிரி, மென்று விழுங்குவோம்.

இப்போதெல்லாம் மத்தியானம் மதிலுக்கு மேலே ஹாஸ்டல் பிள்ளைகளின் தலைகள் தெரிகின்றன. முதலில் வேடிக்கைக்கு வருகிறார்கள் என்று நினைத்தேன். இல்லை. தூக்குவாளியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். இசக்கி அதில் சிவப்பு நூல் காளானைப் போட்டுக் கொடுக்கிறாள். வாங்கிக்கொண்டாலும் உடனே சாப்பிடுவதில்லை. காத்திருக்கிறார்கள்.

இதோ பவிஷா தொடங்கிவிட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் இரட்டையரும் சேர்ந்துகொண்டார்கள். மதிலில் வாளி மூடிகள் திறக்கும் சத்தம் வரிசையாகக் கேட்கிறது.

"சீனி" என்று மதினி கூப்பிடுகிறாள். "பிள்ளை அழுதுட்டா. வா, சாப்பிடு."